டிக்கிக்குள் போன தாலி

உனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று ஓர் ஆண்பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், சிரித்துக்கொண்டே போய்விடுவான். காரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்லுங்கள், அத்தோடு உறவு முறிந்தது. இந்த இரண்டாவது விஷயத்தில் எனக்கு ரோஷம் கொஞ்சம் கூடுதல். இன்றைக்கும் அடித்துச் சொல்வேன், கார் எடையைப் பற்றி நான் சொன்னது அத்தனையும் சரிதான். அதை என் கல்யாணத்தன்றைக்கு நிரூபிக்கக் கிளம்பியது மட்டும்தான் பிசகு.

தென்காசியில் எனக்கு ஒரு டைல்ஸ் கடை, வீடு குத்துக்கல்வலசையில். கல்யாணம் நிச்சயமாவதற்குச் சில மாதங்கள் முன்புதான் கொச்சியில் ஒருவரிடமிருந்து பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வந்திருந்தேன். நல்ல சிவப்பு. மேலே துணிக்கூரை. இரண்டே பேர் உட்காரலாம், அதுவும் தரைக்கு ஒரு சாண் உயரத்தில். எங்கள் தெரு வேகத்தடைகள் ஒவ்வொன்றும் அதன் வயிற்றைத் தடவித்தான் அனுப்பும். அம்மா ஏறுவதற்கு ஓர் ஆள் துணை வேண்டும், இறங்குவதற்கு இரண்டு ஆள். (“பாயில உக்காந்து போற மாதிரில்லா இருக்கு” என்பாள். எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.)

கடையில் வியாபாரம் மந்தமான மத்தியானங்களில் நான் வெளிநாட்டுக்காரர்கள் இணையத்தில் எழுதியதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் சொன்னது இதுதான். இந்த மாதிரிக் காரில் பேட்டரி முன்பக்கம் இருக்கிறது, கனமானது. அதைத் தூக்கிப் பின்னால் டிக்கிக்குள் வைத்துவிட்டால் முன்சக்கரமும் பின்சக்கரமும் எடையைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ளும். வளைவுகளில் வண்டி சொன்ன பேச்சுக் கேட்கும். கூடவே ஈயப் பேட்டரிக்குப் பதிலாக லித்தியம் பேட்டரி போட்டால் கனமும் நாலில் ஒரு பங்காகிவிடும். படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. குற்றாலம் ரோட்டில் மினி பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு போகிறவனுக்கு எந்த வளைவில் என்ன பேச்சுக் கேட்க வேண்டியிருக்கிறது என்று அப்போது யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் வைத்திருப்பேன்.

எனக்கு வாய்த்த மெக்கானிக் இசக்கி. அவனுக்கு முடியாது என்ற சொல்லே வாயில் வராது. கப்பலைக் கொண்டுபோய் நிறுத்தி இதற்கு இறக்கை வைக்க வேண்டும் என்றாலும், “வச்சிருவோம் அண்ணாச்சி” என்பான். இரண்டு பைத்தியங்கள் ஒரே ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நாங்கள் உதாரணம்.

“அண்ணாச்சி, பேட்டரிய டிக்கில தூக்கி வச்சிருவோம். அடியில ஒரு தகடு அடிச்சு, நட்டு போட்டு முறுக்கிட்டா எமனே வந்தாலும் ஆட்ட முடியாது.”

“லித்தியம்தான் போடணும், இசக்கி.”

“போட்டுருவோம்.”

“போட்டிருக்கியா இதுக்கு முன்னால?”

“இல்ல. போட்டுருவோம்.”

கோயம்புத்தூரிலிருந்து புதுப் பேட்டரி பார்சலில் வந்து இறங்கியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் டிபன் டப்பா அளவுதான் இருக்கும். ஒரு கையால் தூக்கிவிடலாம். நான் அதைத் தூக்கித் தூக்கிப் பார்த்து மகிழ்ந்ததைப் பார்த்துவிட்டு, “பச்சப் பிள்ளையக்கூட இப்பிடிக் கொஞ்ச மாட்டாவளே” என்றாள் அம்மா. ஆனால் மகிழ்ந்தால் போதுமா? சாட்சி வேண்டாமா? பழைய பேட்டரியையும் புதுசையும் எடுத்துக்கொண்டு புளியங்குடிக்குப் போனேன். அங்கே எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருந்தவர், எனக்கு நிச்சயித்திருந்த கோமதியின் தாய்மாமா. கடையில் மூட்டை நிறுக்கிற பெரிய தராசு இருந்தது. மூட்டை தூக்குபவர்கள், லாரிக்காரர்கள், வியாபாரிகள் எல்லாரும் பார்க்கப் பழைய பேட்டரியை முதலில் ஏற்றினேன். அப்புறம் புதுசை. முள் அசைந்ததா என்று சந்தேகப்படும் அளவுக்கு அசைந்தது.

“பாத்தீங்களா மாமா, எவ்வளவு மிச்சம்!”

மாமா தராசையும் பார்த்தார், என் வயிற்றையும் பார்த்தார்.

“இதுக்கா மாப்ள இந்தப் பாடு? நீங்க காலையில ரெண்டு இட்லிய கொறைச்சா போதுமே.”

கடையே சிரித்தது. அவருக்கு ஏற்கெனவே என்மேல் ஒரு மனக்குறை உண்டு. “ரெண்டு பேரு உக்காருத வண்டிய வாங்குதவன் நாளைக்குக் குடும்பத்த எங்கன உக்கார வைப்பான்?” என்று பெண் பேச வந்தபோதே கேட்டவர் அவர். இவரைக் கல்யாணத்தன்று அசத்திக் காட்டுகிறேன் என்று அந்த எலுமிச்சை வாசனையில் நின்றுகொண்டு நான் மனதுக்குள் சபதமே எடுத்துக்கொண்டேன்.

வேலை முடிந்த பிறகுதான் ஒரு வில்லங்கம் தெரிந்தது. பேட்டரி பின்னால் போய்விட்டது சரி, கரண்ட் முன்னால் வர வேண்டுமே? அதற்கு இசக்கி வண்டியின் முழு நீளத்துக்கும் கைவிரல் தடிமனில் ஒரு செம்புக் கேபிளை ஓட்டியிருந்தான். லாரிக்குப் போடுகிற கேபிள். அதுவே மிச்சம்பிடித்த எடையில் பாதியைத் தின்றுவிட்டது. விடுவேனா? வண்டியைச் சுற்றி வந்து, எதையெல்லாம் கழற்றலாம் என்று பார்க்க ஆரம்பித்தேன். ஸ்டெப்னி டயர் போனது. ஜாக்கி போனது. போன் சார்ஜ் போடும் சாக்கெட் போனது (அது ஒரு மெதுவடை எடைகூட இருக்காது). கடைசியில் டிக்கியின் பூட்டையும் பானட்டை இழுத்துத் திறக்கும் கம்பியையும் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டுக்கும் பொத்தான் வைத்தேன். சாவி வேண்டாம், இழுக்க வேண்டாம். பொத்தானை அமுக்கினால் மோட்டார் “டிக்” என்று திறந்துவிடும்.

இப்போது நிதானமாக இருக்கும் நீங்கள் கவனித்திருப்பீர்கள். டிக்கியைத் திறக்கக் கரண்ட் வேண்டும். கரண்ட் டிக்கிக்குள் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் கவனிக்கவில்லை. “அண்ணாச்சி, இது மாதிரி தமிழ்நாட்டுலயே கெடையாது” என்றான் இசக்கி. அது மட்டும் நூற்றுக்கு நூறு உண்மை.

கல்யாணம் ஆனி மாதம், குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில். சாரல் தொடங்கி, சீசன் கூட்டம் ஏறிக்கொண்டிருந்த நேரம். மாப்பிள்ளை தானே வண்டி ஓட்டிக்கொண்டு வரக்கூடாது என்று எங்கள் பக்கம் எல்லாருமே சொன்னார்கள்.

“மாலையும் கழுத்துமா ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு வருவியாலே? பாக்குதவன் சிரிக்க மாட்டானா?” என்று அம்மா கடைசிவரை மல்லுக்கட்டினாள்.

“பாக்குறவன் அசந்து போவான்மா.”

இசக்கி தன் பங்குக்கு, கல்யாணப் பரிசாக வண்டி முழுக்கக் கலர் சீரியல் பல்புகளைச் சுற்றி, அதைப் பேட்டரியிலிருந்தே இழுத்துக் கொடுத்திருந்தான். “மாப்ள வண்டின்னா மின்னணும்லா” என்றான். சரக்கு வண்டியில் பாட்டுப்பெட்டி ஏற்றுகிற அளவுக்கு இல்லை என்றாலும், நாதஸ்வரம் ஒலிப்பதற்கு இரண்டு ஸ்பீக்கரும் வைத்தான். பட்டு வேட்டி, மாலை, நெற்றி நிறைய திருநீறு, பக்கத்தில் அம்மா, அவள் மடியில் தாலிப் பெட்டியும் கூறைப்புடவையும் இருந்த தாம்பாளம். குத்துக்கல்வலசையிலிருந்து அந்தக் கோலத்தில் நான் கிளம்பியபோது, உண்மையாகவே சொல்கிறேன், என்னைவிட அழகான மாப்பிள்ளை பூமியில் இல்லை என்று நினைத்தேன்.

தென்காசி தாண்டியதும் சாரல் வலுத்தது. துணிக்கூரையின் தையல் வழியாகத் தண்ணீர் சரியாக அம்மாவின் மடிக்கு நேராகச் சொட்டியது. “ஏலே, கூறைச்சேல நனையுதுலே!” என்று கத்தினாள். ஓரங்கட்டி நிறுத்தினேன். தாம்பாளத்தை வாங்கி, டிக்கியைத் திறந்து, பேட்டரிக்குப் பக்கத்தில் பதமாக வைத்து மூடினேன்.

“இங்கன ஒரு சொட்டுத் தண்ணி இறங்காதும்மா. பேட்டரிக்காகவே ரப்பர் போட்டு அடைச்சிருக்கு. பேங்க் லாக்கர் மாதிரி.”

அது லாக்கர்தான். நான் சொன்னதில் பொய்யில்லை.

மண்டபத்துக்கு நேரத்தோடே போய்ச் சேர்ந்துவிட்டோம். எஞ்சினை அணைத்தேன். பல்புகளையும் பாட்டையும் அணைக்க மனம் வரவில்லை. ஆரத்தி எடுத்தார்கள். அந்த அமர்க்களத்தில் டிக்கிக்குள் இருந்த தாம்பாளம் எனக்கும் அம்மாவுக்கும் மறந்தே போனது. கோமதி பக்கத்து இளவட்டங்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டு போட்டோ எடுத்தார்கள். குளித்துவிட்டுத் துண்டோடு போய்க்கொண்டிருந்த சுற்றுலாக்காரர்கள்கூட நின்று எடுத்தார்கள். நான் ஒவ்வொருவருக்காகவும் ஹெட்லைட்டை வேறு போட்டுப்போட்டுக் காட்டினேன். தாய்மாமா ஒரு தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கிறார் என்பதற்காகவே இன்னும் கொஞ்சநேரம் ஹெட்லைட் எரிந்தது. டிபன் டப்பா அளவு பேட்டரி எவ்வளவு நேரத்துக்குத்தான் தாங்கும்?

திடீரென்று பாட்டு நின்றது. பல்புகள் நின்றன. பழைய ஈயப் பேட்டரியாக இருந்தால் சாவதற்குமுன் முனகும், மங்கும், இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்று கிடக்கும், நமக்கும் விஷயம் புரியும். லித்தியம் அப்படியில்லை. சார்ஜ் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் தன்னைத்தானே துண்டித்துக்கொள்ளும். ஒரு வார்த்தை சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிடும். யாரோ சவுண்டைக் குறைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் பாட்டுக்கு மேடையேறி மணையில் உட்கார்ந்துவிட்டேன்.

மந்திரம் பாதி நடந்துகொண்டிருக்கும்போது அய்யர் கேட்டார்: “தாலியக் கொண்டாங்கோ. கூறைப்புடவையும். பொண்ணு கட்டிண்டு வரணுமோல்லியோ.”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் எழுந்து, மாலையைப் பிடித்துக்கொண்டு, வாசலுக்கு வந்தேன். பொத்தானை அமுக்கினேன். சத்தமில்லை. இன்னொரு தடவை அமுக்கினேன். அப்புறம் குத்தினேன். அந்த நிமிஷம்தான், இத்தனை மாதமாக இசக்கிக்கும் எனக்கும் புரியாத அந்த விஷயம் எனக்குப் புரிந்தது. முதுகுத்தண்டில் குற்றாலத்துத் தண்ணீரே இறங்கிய மாதிரி இருந்தது.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஆளுக்கொரு யோசனை. நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன்.

“பூட்டத் தொறங்க.”

“பூட்டு இல்லை.”

“முன்னால பானட்டத் தொறந்து வேற பேட்டரில இருந்து கரண்ட் குடுங்க.”

“அதுக்கும் பொத்தான்தான்.”

“சார்ஜர் போடுத ஓட்ட இருக்கும்லா, அதுல குடுக்கலாமே?”

“கழற்றிட்டேன்.”

“ஏன்?”

“கனம்.”

அத்தனை மாதமாக ஊரெல்லாம் பெருமையாகச் சொன்ன அந்தக் காரணத்தை அன்றைக்குச் சொல்ல எனக்கு நாக்கு கூசியது. அய்யர் வாசல்வரைக்கும் வந்து, முகூர்த்தம் முடியக் கொஞ்சநேரம்தான் இருக்கிறது என்றார். அடுத்த முகூர்த்தம் எப்போது என்று யாரோ கேட்டார்கள். ஆடி பிறக்கப் போகிறது, இனி ஆவணியில்தான் என்றார். அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். மண்டபத்தில் இலை போட்டு, சாம்பார் வாளி வரிசையாக நின்றுகொண்டிருந்தது. எனக்குக் கல்யாணம் நின்றுபோகும் என்ற பயம் அப்போதுதான் நிஜமாக வந்தது.

தாய்மாமா ஜெனரேட்டர் ரூமுக்குப் போய் ஒரு கடப்பாரையோடு திரும்பி வந்தார். சட்டைக்கையை மடித்துக்கொண்டு, கடப்பாரை முனையை டிக்கி மூடியின் இடுக்கில் வைத்தார். சிவப்பு பெயிண்டில் இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது.

“மாமா… பெயிண்டு…”

நான்தான் சொன்னேன். அந்த ஒரு சொல். வாயை விட்டுப் போனதும் எட்டிப் பிடிக்கலாமா என்று பார்த்தேன். தலையைத் தூக்கினால், மண்டபப் படியில் மாலையும் கழுத்துமாகக் கோமதி நின்றுகொண்டிருக்கிறாள். மணப்பெண் வாசலுக்கு வரக்கூடாதுதான். வந்துவிட்டாள். கேட்டும்விட்டாள்.

“என்னது?” என்றாள்.

“ஒண்ணுமில்ல. உடைங்க மாமா. நல்லா உடைங்க” என்றேன். இந்தத் தடவை மனதாரச் சொன்னேன். அந்தக் காரை அப்படியே அருவியில் தள்ளச் சொல்லியிருந்தாலும் தள்ளியிருப்பேன்.

மாமா கடப்பாரையை ஓங்கியபோது என் போன் அடித்தது. இசக்கி. சீசன் கூட்டத்தில் தென்காசி ரோட்டில் மாட்டிக்கொண்டவன், விஷயம் கேள்விப்பட்டு அலறினான். ஸ்பீக்கரில் எல்லாரும் கேட்டார்கள்.

“அண்ணாச்சி, கடப்பார வச்சுறாதீய! லித்தியம்! மூடிக்கு நேர் கீழ இருக்கு. குத்துப்பட்டா குப்புன்னு தீப்பிடிச்சிரும்! தாலியும் இல்ல, சேலையும் இல்ல, வண்டியும் இல்ல! நான் இந்தா வந்துட்டேன், அடியில படுத்து ஸ்டார்ட்டர்ல கரண்ட் குடுத்துத் தொறந்துருதேன்!”

“எங்க இருக்க?”

“அசையவே இல்ல அண்ணாச்சி. முன்னால பஸ்ஸு நிக்கி.”

மாமா கடப்பாரையை இறக்கினார். “வெடிகுண்டுக்குப் பக்கத்துலயாவே எங்க அக்கா மவ தாலிய வச்சீரு?” என்றார். அதுவரை ‘மாப்ள’ என்று கூப்பிட்டவர் ‘வே’க்கு இறங்கியதைக் கவனித்தேன். அவர் அதற்குமேல் இறங்கியிருந்தாலும் தப்பில்லை.

கோமதி படியிறங்கி நேராக என்னிடம் வந்தாள். நிச்சயத்துக்குப் பிறகு நாங்கள் போனில் எவ்வளவோ பேசியிருந்தாலும், இவ்வளவு கூட்டத்துக்கு நடுவே பேசியதில்லை.

“இங்கன பாருங்க. எனக்குத் தாலி கட்டப்போறது நீங்களா, உங்க வண்டியா?”

“நான்தான்.”

“நெசமாத்தான கேக்கேன்.”

“சத்தியமா நான்தான்.”

“அப்ப உள்ள வாங்க.” அய்யர் பக்கம் திரும்பினாள். “சீர்த்தட்டுல வெரலி மஞ்சள் கெடக்கு. கயிறும் இருக்கு. அதக் கட்டுனா ஆகாதா சாமி?”

“பேஷா ஆகும்மா. மஞ்சக் கயித்துல மஞ்சளக் கட்டினாலே தாலிதான். தங்கம் அப்புறம் சேத்துக்கலாம்.”

“எங்க அக்கா மவ கழுத்துல மஞ்சத் துண்டா?” என்று மாமா ஆரம்பித்தார். கோமதி அவரை ஒரு பார்வை பார்த்தாள். “மாமா, நீங்க உங்க தராசுல நிறுத்துப் பாத்துக் குடுங்க, போதும்” என்றாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

மஞ்சளைக் கயிற்றில் கட்டி, தேங்காய்மேல் வைத்து, தட்டில் சபையைச் சுற்றி ஆசீர்வாதத்துக்குக் கொண்டுபோனார்கள். தொட்டுக் கும்பிட வந்தவர்கள் ஒவ்வொருவரும் தட்டைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, பிறகு தொட்டார்கள். நான் தலையைக் குனிந்தபடியே இருந்தேன். கோமதி முந்தின சேலையிலேயே வந்து உட்கார்ந்தாள். கெட்டிமேளம் கொட்டியது. கட்டினேன். மூன்றாவது முடிச்சை என் தங்கை போடும்போது கோமதி எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “பெயிண்டு பத்திரமா இருக்கா?” என்று கேட்டாள். அந்த நிமிஷத்தில் எனக்கு அவள்மேல் வந்த பிரியத்தை நான் இன்றுவரை அவளிடம் சரியாகச் சொன்னதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

பந்தி பாதி நடக்கும்போது இசக்கி சொட்டச் சொட்ட நனைந்து வந்து சேர்ந்தான். சீர்வரிசை ஏற்றி வந்திருந்த மாமாவின் எலுமிச்சை லாரியிலிருந்து பேட்டரியைக் கழற்றி, இரண்டு பேர் மூச்சுவாங்கத் தூக்கி வந்தார்கள். கருங்கல் மாதிரி கனத்த ஈயப் பேட்டரி. ஆளாளுக்கு வண்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க (ஜாக்கியைத்தான் கழற்றிவிட்டேனே), சேற்றில் படுத்து இசக்கி கம்பியைத் தொட்டான். “டிக்”. டிக்கி திறந்தது. தாலியும் கூறைப்புடவையும் ஒரு சொட்டு நனையாமல், வைத்தது வைத்தபடி இருந்தன. “பாத்தீங்களா, நான் சொன்னேன்ல, ஒரு சொட்டுத் தண்ணி இறங்காதுன்னு” என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

தங்கத் தாலியைப் பிறகு கோத்துப் போட்டார்கள். மஞ்சளை எடுத்துவிடலாமா என்று கேட்டபோது கோமதி விடவில்லை. “இவரு கட்டுனது இதத்தான்” என்றாள். இன்னும் இரண்டும் சேர்ந்தே கிடக்கின்றன. பேட்டரி மறுவாரமே முன்பக்கத்துக்கு வந்துவிட்டது. ஈயப் பேட்டரி. நானே நின்று போடவைத்தேன். வளைவுகளில் வண்டி முன்னைப்போலத்தான் போகிறது, ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை. (இசக்கியிடம் சொல்லிவிடாதீர்கள், அவனுக்கு மனசு விட்டுப்போகும்.) நான் எதற்காவது கொஞ்சம் யோசித்து நின்றால் வீட்டில், “என்ன, பெயிண்டா?” என்று ஒரு குரல் வரும்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. கோமதியின் பெரியம்மா மகளுக்குக் கல்யாணம் வந்தபோது, சீர்த்தட்டில் தாலிக்குப் பக்கத்தில் மாமா ஒரு கயிற்றில் விரலி மஞ்சளையும் கட்டி வைத்தார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த கல்யாணத்திலும் வைத்தார்கள், அப்போதும் சிரித்தார்கள். அப்புறம் சம்பந்தி வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு அவர்கள் வீட்டு விசேஷத்திலும் வைத்தார்கள். அவர்கள் சிரிக்கவில்லை. இப்போது தாம்பாளம் அடுக்குகிற பெண்கள் வெற்றிலை, பாக்கு, பழம் மாதிரி அதையும் மறக்காமல் எடுத்துவைக்கிறார்கள்.

போன மாசம் தென்காசியில் ஒரு கல்யாணம். எங்கள் சொந்தம்கூட இல்லை, கடைக்கு டைல்ஸ் வாங்க வந்த பழக்கம். மேடையில் பார்த்தால் தட்டில் தாலி, பக்கத்தில் மஞ்சள். வீடியோ எடுக்கிற இளைஞன் அது எதற்கு என்று கேட்டான். பெண்ணுக்கு அத்தை முறை போல, நடுவயது அம்மாள் ஒருவர், பக்தியோடு விளக்கம் சொன்னார்.

“அது பழைய காலத்து முறை தம்பி. ஒரு ராசா தாலிய எடுத்துக்கிட்டுத் தேருல வந்தாராம். வந்த எடத்துல தேர்க் கதவு தொறக்கலையாம். ராணி மஞ்சளக் கட்டச் சொல்லி மானத்தக் காப்பாத்துனாளாம். அன்னையில இருந்து எங்க பக்கம் இத வைக்காம முகூர்த்தம் கெடையாது.”

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோமதியைப் பார்த்தேன். அவள் கழுத்தில் கிடந்த மஞ்சளை நெருடிக்கொண்டே, அந்த அம்மாள் பக்கம் சாய்ந்து மரியாதையாகக் கேட்டாள்:

“ராசாவா சித்தி? நான் கேட்டதுல அவன் டைல்ஸ் யாவாரில்லா!”